இடது பக்கத்து இரைச்சல்

பெனடிக்ட் வீட்டில் டிவி, ரெக்கார்டு பிளேயர், பாட்டு கேட்க ஒரு டேப்லெட். ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என்று ஆம்ப்ளிஃபயர் இரண்டு. எதைக் கேட்க வேண்டுமானாலும் ஒயரைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும். எல்லாவற்றையும் நடுவில் இணைக்கிற ப்ரீஆம்ப் பெட்டி ஒன்று வாங்கலாம் என்று, அவரும் மனைவி சகாயராணியும் திருவெறும்பூரிலிருந்து ஸ்ரீரங்கம் வந்திருந்தார்கள்.

ரெங்கராஜ் தன் மாடி வீட்டிலேயே இவற்றை விற்பவர். மேஜைமேல் இரண்டு பெட்டிகள் வைத்திருந்தார். கறுப்புப் பெட்டிக்கு ரிமோட், புளூடூத் எல்லாம் உண்டு. வெள்ளி நிறப் பெட்டியில் வெறும் குமிழ்களும் சுவிட்சுகளும்தான்.

"ஹெட்போன்ல கேளுங்க சார். குறை இருந்தா உடனே தெரிஞ்சிடும்."

பெனடிக்ட் கண்ணை மூடிக் கேட்டார். "கறுப்பு சுத்தமா இருக்கு. இதையே எடுத்துக்கலாம்."

சகாயராணி வாங்கி மாட்டினாள். பாட்டுக்கு அடியில், இடது காதில், கிரைண்டர் ஓடுவது போல ஓர் இரைச்சல்.

"இரையுதே."

"பாட்டே அப்படித்தான், ராணி."

அவள் அவரைப் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே போனை வலது காதில் மட்டும்தான் வைக்கிறார். இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. கேட்டால், ஏதோ யோசனை என்பார். தொழிற்சாலையில் அவருக்கு, கிரேன் தூக்கி வரும் இரும்புக்குக் கீழே நின்று சைகை காட்டுகிற வேலை.

"இன்னொரு தடவை கேளுங்க" என்று அவளே அவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

அவர் முகம் சுருங்கியது. "இப்ப இரையுது. என்னத்த மாத்தினீங்க, ரெங்கராஜ்?"

"நான் எதையும் தொடலையே சார்."

"நான்தான் திருப்பி மாட்டினேன்" என்றாள் சகாயராணி. "இடது பக்கத்த வலது காதுல."

ரெங்கராஜ் காபி கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனார்.

"எப்பலேர்ந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியே."

"டாக்டர்கிட்ட?"

"சொன்னா கிரேன் பக்கமே விட மாட்டாங்க. ஸ்டோர்ல உக்கார வெச்சிடுவாங்க."

"ஏதாவது ஆச்சா? உண்மையைச் சொல்லுங்க."

அவர் ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "போன வாரம் இடது பக்கமா கிரேன்ல ஒரு இரும்பு பிளேட்டு வந்துச்சு. ஹாரன் அடிச்சிருக்காங்க. எனக்குக் கேக்கல. பக்கத்துல நின்ன காத்தமுத்துதான் சட்டையப் புடிச்சு இழுத்துட்டான்."

"அதுக்கப்புறமும் தினமும் டப்பா கட்டிக் குடுத்து உங்கள அனுப்பியிருக்கேன்" என்றாள் மெதுவாக.

ரெங்கராஜ் காபியை வைத்தார். "கறுப்புல இடது பக்கத்து ஒயர் லூசா இருக்கும். சரி பண்ணித் தரேன்." கொஞ்சம் தயங்கினார். "வெள்ளியில மோனோ சுவிட்சுன்னு ஒண்ணு இருக்கு சார். அதப் போட்டா ரெண்டு பக்கமும் சேர்ந்து, ஒரே காதுலயே பாட்டு முழுசா வரும்."

"எனக்கு அதெல்லாம் வேண்டாம். கறுப்பையே பேக் பண்ணுங்க."

சகாயராணி காபியைத் தொடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெனடிக்ட் பாதி டம்ளரைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"அந்த சுவிட்சப் போடுங்க. கேட்டுத்தான் பாக்கறேன்."

வெள்ளிப் பெட்டியில் அதே பாட்டு. நடுவில் திடுக்கிட்டவர் போல நிமிர்ந்தார்.

"இதுல வயலின் இருக்கா?"

"எப்பவும் இருந்துச்சு" என்றாள் அவள்.

பாட்டு முடியும்வரை அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. பிறகு, "வெள்ளியையே குடுங்க" என்றார். படியில் இறங்கும்போது, அவள் கேட்காமலே, "திங்கக்கிழமை டாக்டரப் பாத்துடறேன்" என்றார்.

சொன்னபடியே பார்த்தார். டாக்டர் கொடுத்த சீட்டைப் பார்த்ததும், தொழிற்சாலையில் அன்றைக்கே ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் வந்தவர், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லதுக்குத்தான்னு சொல்லிடாத, ராணி."

அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.