கெட்டிமேளத்தின் பி பக்கம்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. யார் மேல் கோபம் என்பதில்தான் முதல் மூன்று வரைவுகளும் குழம்பிப்போயின.

முதல் வரைவின் தொடக்கம்: "நாகரத்தினம் அம்மாளுக்குச் சங்கீதம் தெரியாது." (அடித்துவிட்டேன். உண்மைதான், ஆனால் கதை அவர் காதில் தொடங்கவில்லை.)

இரண்டாவது: "ஸ்காட்லாந்தில் ஒரு மழைநாளில்…" (நான் ஸ்காட்லாந்தைப் பார்த்ததே இல்லை. இங்கே அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் நூலகத்தில் ஒரு சிடியைப் பார்த்தேன், அவ்வளவுதான்.)

2.

சிடியில் ஒரு ஸ்காட்லாந்து நாட்டுப்புறக் குழு. ஐந்து பேர். காற்றுப்பையை அக்குளில் இடுக்கி ஊதும் பைப், பிடில், டிரம். ஒரே சுருதி அடியில் நின்றுகொண்டே இருக்கும். மேலே மெட்டு பாய்ந்து ஓடும். நடுவில் ஒரு பெண் எனக்குப் புரியாத மொழியில் பாடுவார். மில்பிடாஸ் ஆபீசுக்குப் போகும் ஃப்ரீவேயில் அதைக் கேட்டால், முன்னால் நிற்கும் அத்தனை கார்களையும் மன்னிக்கத் தோன்றும். என் காரில் கேசட் மட்டும்தான் ஓடும் என்பதால் அது ஒரு கேசட்டில் பதிவாகியது.

(யார் பதிவு செய்தது என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.)

3.

2001 ஜனவரி. என் மனைவி புஷ்பவல்லியின் தங்கை கயலுக்கும் அச்சுதனுக்கும் வாடகை ஹாலில் கல்யாணம். நாதஸ்வரக்காரருக்கு இங்கே எங்கே போவது? எங்கள் வீட்டில் ஒரு கேசட் உண்டு. கிரகப்பிரவேசம், காதுகுத்து என்று ஊரெல்லாம் இரவல் போய்வரும். ஏ பக்கம் நாதஸ்வரம், பி பக்கம் கெட்டிமேளம். ஐயர் கைகாட்டியதும் பி பக்கத்தை ஓடவிடுவது புஷ்பாவின் வேலை. பொத்தானை அழுத்தினாள். ஸ்காட்லாந்து முழங்கியது.

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மூன்று முடிச்சும் மௌனத்தில் விழுந்திருக்கும். சத்தத்தை இன்னும் கூட்டினாள். கெட்டிமேளம் எதற்கு ஐயா? தும்மலோ வேண்டாத பேச்சோ அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்கு. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று இடி விழுந்திருந்தாலும் கேட்டிருக்காது!

ஏப்ரலில் அச்சுதனுக்கு லே-ஆஃப். அந்த வருஷம் யாருக்குத்தான் வேலை போகவில்லை? செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்த பிறகு டிவியில் தீயணைப்பு வீரர்களின் இறுதி ஊர்வலங்கள். முன்னால் அதே பைப். போன வாரம் அச்சுதனின் அம்மா நாகரத்தினம் போன் செய்தார்.

"டிவில பாத்தியா புஷ்பா? சாவுக்கு வாசிக்கிறத என் புள்ள கல்யாணத்துல போட்டுட்டியே. ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்கு நீ வர வேண்டாம்மா."

சொந்தத் தங்கையின் வளைகாப்பு! "சாரி ஆன்ட்டி" என்று வைத்துவிட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

4.

மூன்றாவது வரைவு இங்கே நின்றுபோனது. அடுத்த வாக்கியம் "தவறான கேசட்டை எடுத்துவந்த புஷ்பவல்லி" என்று தொடங்கியது. அது பொய். அவள் சரியான கேசட்டைத்தான் எடுத்துவந்தாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால், புது கேசட் வாங்கச் சோம்பல்பட்டு, அதன் பி பக்கத்தை அழித்து ஸ்காட்லாந்தைப் பதிவு செய்தவன் நான். கேட்டுவிட்டு அதே பெட்டியில் வைத்தேன். லேபிளை மாற்றவில்லை.

ஹாலில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தபோது, கையில் அட்சதையோடு நானும் பார்த்தேன்.

5.

முடிவு அ: நாகரத்தினம் அம்மாளைக் காரில் உட்காரவைத்து அந்தப் பெண் பாடுவதைக் கேட்க வைக்கிறேன். அவர் கண் கலங்குகிறார். (சினிமா.)

முடிவு ஆ: "அக்கா வராம வளையல் போட்டுக்க மாட்டேன்" என்கிறாள் கயல். (இதிலும் தைரியம் வேறு யாருக்கோ.)

முடிவு இ:

அதை எழுதுவதற்குள் புஷ்பா வரைவைப் படித்துவிட்டாள்.

"நீங்களா?"

நான் தலையாட்டினேன்.

"பத்து மாசமா நான்தான் மாத்தி எடுத்துட்டேன்னு நெனச்சிட்டிருக்கேன். உங்களுக்கு அத கதையா எழுதத் தோணுது, இல்ல?"

"உனக்காகத்தான் புஷ்பா எழுதினேன்…"

"எனக்குக் கதை வேணாம். ஆன்ட்டிக்கு போன் பண்ணுங்க. இப்பவே."

கார்ட்லெஸ் போனை இந்தக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். நாளை ஞாயிறு.

எழுதி முடித்தால் டயல் செய்ய வேண்டும். அதனால்தான் இந்தப் பத்தி நீள்கிறது. நீங்களும் விடாமல் படித்து எனக்கு உடந்தையாக இருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? மூடுங்கள் ஐயா. நீங்கள் போய்விட்டால் நான்