அடைப்புக்குறி கேட்கவில்லை

பிரதாபனுக்கு ஒன்பது வயதில் பார்வை போனது. இப்போது அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில் போய்க் கணினி டிப்ளோமா படிக்கிறான். திரையில் இருப்பதை மடிக்கணினி குரலாக வாசிக்கும். அதைக் கேட்டுக் கேட்டே சி மொழியில் புரோகிராம் எழுதுவான்.

அந்த ஞாயிறு மத்தியானம் ஒன்றும் சரிவரவில்லை. மூன்று மாத மழைவீழ்ச்சி, மாதத்துக்கு நான்கு வாரம் என்று ஓர் அட்டவணை. அது நினைவகத்தில் இருக்கும் இடத்தை, இடங்காட்டியான ஒரு பொயின்ரரிடம் கொடுத்து, மாதம் மாதமாகக் கூட்ட வேண்டும். ஓடவிடப் போனால் ஒவ்வொரு முறையும் பிழை என்று சொல்லி ஓட மறுத்தது.

"எனக்கு உது சரிவராது. நாளைக்கு நான் வகுப்புக்குப் போகேல்லை."

மனைவி கௌசலா தையல் மெஷினை விட்டு எழும்பி வந்தாள். "என்னப்பா, என்ன நடந்தது?"

"சேர் தந்த உதாரணத்தைப் பார்த்துத்தான் எழுதினனான். அதை ஒருக்கா நீர் வாசியுமன்."

"எனக்கு உது விளங்காதே."

"விளங்கத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியிற ஒண்டையும் விடாதையும்."

அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். "இன்ட். பிறகு ஒரு வளைஞ்ச அடைப்பு. அதுக்குள்ள நட்சத்திரம், பீ. அடைப்பு முடியுது. பிறகு சதுர அடைப்புக்குள்ள நாலு."

"வளைஞ்ச அடைப்போ? என்ரையில இருக்கோ?"

"இல்லை. உங்கடையில நட்சத்திரமும் பீயும் சும்மா நிக்குது."

எல்லாக் குறியையும் வாசித்தால் காது களைத்துவிடும் என்று, குரல் வாசிக்கும் குறிகளை அவனே குறைத்து வைத்திருந்தான். அது நட்சத்திரத்தைச் சொல்லும், அடைப்புகளை விழுங்கிவிடும். சேருடைய வரியும் அவனுடைய வரியும் காதுக்கு ஒன்றாகவே இருந்தன.

"ஒரு அடைப்பு இல்லாட்டி என்னப்பா?"

அவளுடைய உள்ளங்கையை எடுத்து விரலால் கோடு இழுத்தான். "அடைப்பு இருந்தால் ஒரேயொரு பொயின்ரர். நாலு வாரத்து இலக்கமும் உள்ள முழு வரிசையைக் காட்டும். ஒண்டைக் கூட்டினால் வரிசையையே தாண்டி அடுத்த மாதத்துக்குப் போயிடும். அடைப்பு இல்லாட்டி நாலு தனித்தனிப் பொயின்ரர். ஒருத்தனைக் கூப்பிட வேண்டிய இடத்தில நான் நாலு பேரைக் கூப்பிட்டிருக்கிறன்."

"கூசுது," என்று சிரித்தாள். கையை இழுக்கவில்லை.

அடைப்புகளைப் போட்டு ஓடவிட்டான். குரல் மூன்று மாதத்தின் கூட்டுத்தொகையையும் சொல்லி முடித்தது. அவன் அதைத் திரும்பவும் சொல்ல வைத்தான். பிறகு எல்லாக் குறியையும் வாசிக்கும்படி குரலை மாற்றினான்.

"இன்னொரு உதாரணமும் இருக்கு. அதையும் வாசியுமன்."

"இனி அதுவே எல்லாத்தையும் வாசிக்குமே?"

"ஓம், வாசிக்கும்," என்றபடி பக்கத்துக் கதிரையை அவளுக்காக இழுத்துப் போட்டான். "நீர் வாசியும்."