மாற்றுத் தோள்

அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியதும், அது இருந்த இரண்டு நாற்காலிகளையும் மர்டீனா காலால் தள்ளிக் கவிழ்த்தாள். ஸ்கை தீவில் எந்த வீட்டிலும் அதுதான் முறை. போனவர் திரும்பி வந்து உட்கார இடம் தேடக் கூடாது. தூங்கிப் பல நாளான கண்களோடு அவள் அந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பிகள் இருவருக்கும் நாற்காலி கவிழ்க்கும் பாக்கியம்கூட வாய்க்கவில்லை. போருக்குப் போனதில், ஒருவனைப் பிரான்ஸ் மண் விழுங்கிற்று, இன்னொருவனைக் கடல் விழுங்கிற்று.

முதல் பிள்ளை பெண்ணாகிப் போனதால், அப்பா மர்டோ தன் பெயரையே இழுத்து நீட்டி மர்டீனா என்று வைத்தார். சாகும்போது அவர் அவளிடம் கேட்டது ஒன்றுதான்.

"வண்டியில மட்டும் அனுப்பிடாத, புள்ள."

கரை ஒதுங்கிய அநாதைப் பிணங்கள்தான் அந்த ஊரில் வண்டியில் போகும். குடியானவன் மூன்று மைல் ஆனாலும் தோளில்தான் போவான். சரியென்று தலையாட்டிவிட்டாள். தலையாட்டுவது சுலபம், தோளுக்கு எங்கே போவது?

சண்டைக்கு முன்னால் ஒரு சாவென்றால் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் இரட்டை வரிசையில் வருவார்கள். முன்னே நடக்கும் ரோரி சித்தப்பா "மாத்து!" என்று ஒரு குரல் கொடுப்பார். பெட்டியை முன்னால் தாங்கும் இருவர் விலகுவார்கள், பக்கத்தில் நடந்து வரும் இருவரின் தோள் அந்த இடத்தில் ஏறிவிடும். பெட்டி ஒரு கணம்கூட நிற்காது.

இன்று வந்தவர்கள் ரோரியோடு சேர்த்து ஏழே பேர். தூக்க நாலு பேர், மாற்ற இரண்டு பேர். அதில் சாண்டி ஒருவன்தான் இளவட்டம். அவனும் போர்முனையில் விஷப்புகையைக் குடித்துவிட்டு வந்தவன், நாலடி நடந்தால் நாற்பது தடவை இருமுவான். மற்றதெல்லாம் பல் போன கிழங்கள். ராஜாவுக்குப் பிள்ளைகளை வாரிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தபாலில் பிள்ளை பேர் பொறித்த வெண்கலத் தகடு வருமென்று காத்திருக்கிற கிழங்கள்.

"உங்க சித்தப்பா நடையைப் பாரு," என்றாள் பக்கத்து வீட்டு ராச்சல். "பின்னாடி ஒரு பட்டாளமே வர்ற மாதிரி."

"நடக்கட்டும் விடுங்கக்கா. அவருக்கு வேற என்ன மிச்சம் இருக்கு?"

பெண்கள் ஓடை வரைதான் போகலாம். ஓடைக்கு முன்பே ஒரு மாற்று நடந்தது. சாண்டியும் தபால்காரர் இயூவனும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். இறங்கிய இரண்டு கிழவர்களும் மூச்சு வாங்க வழியோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். ரோரி அதைப் பார்க்கவில்லை. முன்னே நடப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுவும் முறைதான்.

ஓடை தாண்டியதும் ஏற்றம். சாண்டிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சத்தம் காதில் விழவும், முப்பது வருஷப் பழக்கத்தில் ரோரி குரல் கொடுத்தார்.

"மாத்து!"

முன்னால் இருந்த இருவரும் விலகினார்கள். அந்தக் குரல் கேட்டால் உடம்பு தானே விலகும். பக்கத்தில் இன்னொரு தோள் தயாராக இருக்கும் என்பது அந்த உடம்புகளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நடுவில் ஒரு சண்டை வந்து போனதை அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

பெட்டியின் முன்பக்கம் சேற்றில் போய் விழுந்தது.

ரோரி அப்போதுதான் திரும்பினார். பெட்டியைத் தாண்டி, பின்னால் காலியாகக் கிடந்த சாலையைப் பார்த்தார்.

"எங்க எல்லாரும்?" என்றார்.

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய மூன்று பையன்களும் அந்த எல்லாரில் அடக்கம். பிறகு, "இயூவன், போய் வண்டியக் கொண்டா," என்று முனகினார்.

அது ஓடைக்கு இந்தப் பக்கம் மர்டீனாவின் காதில் விழுந்தது. அவள் தண்ணீரில் காலை வைத்தாள்.

"நில்லு புள்ள! பொம்பளைங்க இந்தப் பக்கம் வர்றதில்ல."

"தெரியும் சித்தப்பா."

"தெரிஞ்சுமா வர்ற? உங்கப்பன் இருந்தா என்ன சொல்லுவான்?"

"வண்டி வேணாம்னாரு. அது ஒண்ணுதான் சொன்னாரு."

பெண் தோள் வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. அப்படியொன்று அவர் நினைப்பிலேயே வந்திருக்காது. வந்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"ஊரு என்ன பேசும்?"

"எந்த ஊரு?" பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ராச்சலும் தண்ணீரில் இறங்கிவிட்டாள். "நாலு வருஷமா படகு இழுத்ததும் நிலத்தக் கொத்துனதும் நாங்கதான். அப்பல்லாம் இந்த ஊரு தூங்கப் போயிருந்துச்சா?"

"நீங்க சும்மா இருங்கக்கா." மர்டீனாவின் குரலில் கோபமே இல்லை. "எனக்கு மல்லுக்கட்டத் தெம்பில்ல சித்தப்பா. போன்னா போயிடறேன். ஆனா வண்டி வரக்கூடாது. அப்பா இங்கயே கிடக்கட்டும்."

ரோரி தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு மேட்டுப் பக்கம் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த மனிதரால் கொடுக்க முடிந்த அனுமதி அவ்வளவுதான்.

மர்டீனா தன் சால்வையால் பெட்டியின் சேற்றைத் துடைத்தாள். ஒரு பக்கம் அவளும், மறுபக்கம் ராச்சலும் குனிந்து தோள் கொடுத்தார்கள். அடுப்பெரிக்க வெட்டிய கரிமண் கட்டிகளைக் கூடை கூடையாகச் சுமந்து பழகிய தோள் அவளுடையது. பெரிய பாரம் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

பாரம் வரவில்லை. மகன்கள் போன பிறகு சோற்றைத் தள்ளித் தள்ளி வைத்தே கரைந்துபோன கிழவர். பாதிக் கூடை கனம்கூட இல்லை. இவ்வளவு லேசான மனுஷனைத் தூக்கவா ஊரில் ஆள் இல்லாமல் போயிற்று? தம்பிகள் செத்த தந்திகள் வந்த அந்த இரண்டு நாட்களிலும் வராத அழுகை, அப்போது அவளுக்கு வந்தது.

துடைக்கக் கை இல்லை. அழுதுகொண்டே நடந்தாள்.

முன்னே ரோரி நடந்தார். கல்லறை வரைக்கும் அவர் குரல் கொடுக்கவில்லை.