இருபத்தேழாம் கம்பம்

“செத்துப்போன போனுக்கு எதுக்குங்க தினமும் தூசி தட்டறீங்க? சனிக்கிழமை டெலிபோன் ஆபீஸ் ஆள் வரான். எடுத்துட்டுப் போகட்டும்!”

“யாரைக் கேட்டு எழுதிக் கொடுத்தே? யாரைக் கேட்டு?”

“யாரைக் கேக்கணும்? ஒன்றரை மாசமா மூச்சுப் பேச்சு இல்லாம கிடக்கு. பொண்ணு செல்லுலதான் பேசறா. அந்த மேஜையில ஒரு ஹீட்டராவது வைக்கலாம், விரல் விறைச்சுப் போகுது.”

அந்தத் திங்கட்கிழமை பனியில் தெருவே சன்னல்களை இறுக்கிச் சாத்தியிருந்தது. ஆனாலும் இந்தச் சத்தம் ஏழு வீட்டுக்குக் கேட்டது. கேட்காத வீட்டுக்காரர்கள் சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டார்கள்.

அவர் டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தவள். தெருவுக்கு அவள் எக்ஸ்சேஞ்சம்மா. இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்னால் ஏழு மாதம் முகம் பார்க்காமலே பேசிப் பழகியவர்கள். அவர் கம்பத்தில் ஏறி, டெஸ்ட் போனை ஒரு கம்பியில் மாட்டி, “இருபத்தேழாம் கம்பம் பேசறேன். இது யாரோட லைனுங்க?” என்பார். அவள் பலகையைப் பார்த்துச் சொல்வாள். அந்தக் குளிர்காலத்தில் இருபத்தேழாம் கம்பத்துக்கு மட்டும் வாரம் இரண்டு தடவை எப்படிப் பழுது வந்தது என்று எக்ஸ்சேஞ்சில் சிரிக்காதவர் கிடையாது.

“சனிக்கிழமைக்குள்ள இதுக்கு நான் உயிர் கொடுத்துட்டா?” என்றார் லைன்மேன்.

“கொடுத்துட்டா இருந்துட்டுப் போகட்டும்.”

அவள் தைரியமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன் வந்த ஆபீஸ் பையன்களே கையை விரித்துவிட்டார்கள். அவர்களுக்குக் கண்ணாடி இழை தெரியும், செம்புக் கம்பி தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் லைன்மேன் குரங்குக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டருமாகத் தெருமுனையில் டெலிபோன் கம்பிகள் வந்து சேரும் இரும்புப் பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற அன்று எல்லாச் சாமானையும் திருப்பிக் கொடுத்தவர், பெட்டிச் சாவியையும் டெஸ்ட் போனையும் மட்டும் மறந்துவிட்டிருந்தார். வேண்டுமென்றே மறப்பதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் வேண்டும்.

எக்ஸ்சேஞ்சம்மா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் விரல்களில் ஊதுவார், கம்பியைப் பிரிப்பார், மறுபடி ஊதுவார். புதன்கிழமை அவளே போய் பிளாஸ்கில் டீ வைத்துவிட்டு வந்தாள். பேசவில்லை. வியாழக்கிழமை கையுறையும் வைத்தாள். அன்றும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் அவர் மூக்குச் சிவக்க உள்ளே வந்தார்.

“எடுத்துப் பாரு. டயல் டோன் கூவுது!”

சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். அவள் ரிசீவரை எடுத்தாள். டோன் இல்லை. மூலைவீட்டுத் தையல்காரம்மாவின் குரல் இருந்தது.

“மஃப்ளர் போட்டீங்களா?”

“நீ தைச்சுக் கொடுத்ததை எப்படிப் போடாம இருப்பேன்?”

மருந்துக்கடைக்காரர்! மனைவியை இழந்து எட்டு வருடம், கடையில் யாரிடமும் ‘எத்தனை மாத்திரை’ என்பதற்கு மேல் பேசாத மனிதர்.

எக்ஸ்சேஞ்சம்மா சட்டென்று ரிசீவரை வைத்தாள். முப்பத்தோரு வருட வேலையில் அவள் ஒருத்தர் பேச்சையும் ஒட்டுக்கேட்டதில்லை. இன்று கேட்ட இரண்டு வரியும் காதில் சுட்டது.

இப்போது அவள் வாயைத் திறந்தால் அவர் தோற்றுப்போவார். பாதி நாள்தான் மிச்சம். திறக்காவிட்டால் போன் இருக்கும், கூடவே அந்த இரண்டு பேரின் ரகசியமும் இந்த மேஜைமேலேயே இருக்கும். துண்டால் கை துடைத்தபடி அவர் வந்து நின்றார். அந்த முகத்தில் இருபத்தேழாம் கம்பத்துச் சிரிப்பு.

“வேற யாரோட லைனையோ பிடிச்சிருக்கீங்க,” என்றாள்.

சிரிப்பு அணைந்தது. “யாரோடது?”

“அதை ஆப்பரேட்டர் சொல்லக் கூடாது.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “கண்ணு நீலத்தையும் பச்சையையும் ஒண்ணாக் காட்டுது. டோன் வந்ததும் நம்மளதுதான்னு முடிவு பண்ணிட்டேன்.” குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “சரி, எடுத்துட்டுப் போகட்டும்,” என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்தக் கம்பியை அவர் தொட்டாலும் அது யாருடையது என்று சொல்வது அவள் வேலையாக இருந்தது. இந்த மனிதர் தனியாக லைன் பார்த்ததே கிடையாது.

“எழுந்திருங்க. முதல்ல அந்தக் கம்பியைப் பிரிங்க. அப்புறம் ஒண்ணொண்ணா மாட்டுங்க. நான் இங்கே காதுல வெச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்.”

வெளிச்சம் மங்கும் நேரம் வரை ரிசீவரில் ஒன்றுமே இல்லை. பிறகு கரகரப்பு. பிறகு டோன். அவள் தன் செல் நம்பரைச் சுழற்றினாள். செல் திரையில் இந்த வீட்டு நம்பரே வந்தது; அவள் செல்லை எடுத்ததும் லைனில் மணி அடங்கியது.

“இருபத்தேழாம் கம்பம் பேசறேன். இது யாரோட லைனுங்க?”

அவள் ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“நம்மளதுதாங்க,” என்றாள்.

அதற்குமேல் சோதிக்க எதுவும் இல்லை. ஆனாலும் குளிரில், பெட்டியில் சாய்ந்து, கிழவர் முக்கால் மணி நேரம் யாருடனோ குழைந்து பேசிக்கொண்டிருந்ததைத் தெருவில் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வீட்டில் எக்ஸ்சேஞ்சம்மா சிரிக்கும் சத்தமும் கேட்டது. என்ன பேசினார்கள் என்பது மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. நாம் முயற்சி செய்யாமல் இல்லை.

சனிக்கிழமை ஆபீஸ் ஆள் வந்தான். “நீங்கதானேம்மா எழுதிக் கொடுத்தீங்க?” என்றான். “கோபத்துல எழுதினது தம்பி, டீ குடிச்சுட்டுப் போ,” என்று அனுப்பிவிட்டாள். மேஜையில் இடமில்லாமல், புதிதாக வாங்கிய ஹீட்டர் தரைக்குப் போயிற்று.

வெயில் வந்த மாதம் தையல்காரம்மாவுக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் கல்யாணம். பத்திரிகை கைக்கு வந்த பிறகுதான் தெருவுக்கு விஷயமே தெரியும். நாலு மாதமாகத் தெரிந்த ஒருத்தி மூச்சு விடாமல் இருந்தாள் என்பது இந்தத் தெருவுக்கே தீராத அவமானம். அவர்கள் கடையை விற்றுவிட்டு அவருடைய தங்கை இருக்கும் ஊருக்குக் குடிபோனார்கள். போகும்போது மூலைவீட்டு போனை ஒப்படைத்துவிட்டார்கள். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு அது எதற்கு என்றாளாம் தையல்காரம்மா. எக்ஸ்சேஞ்சம்மா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டாள்.