சமையலறையில் நடந்த தேர்வு

கத்தாதே ஸ்மரந்தா, மாடிப்படி முழுக்கக் கேக்குது, என்கிறார் கல்வி மந்திரி கோர்னெல் ப்ரெபான், கேக்கட்டும் சார், பட்டம் இல்லாதவ பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மனசைப் பத்திப் பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்க, என் பட்டத்துக்குக் கையெழுத்துப் போடாததும் நீங்க, என்கிறாள் நாலாம் மாடி ஸ்மரந்தா, லிப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, கீழே மந்திரியின் கார் ஹார்ன் அடிக்கிறது, நான் என் வாசலில் குப்பைவாளியோடு நிற்கிறேன், காலையிலிருந்து இரண்டாவது முறை, வாளியில் குப்பையே இல்லை.

மந்திரி என்று இப்போது சொல்கிறோம், உளவியல் ஒரு படிப்பே அல்ல என்று அரசாங்கம் ருமேனியா முழுக்க அந்தத் துறையை இழுத்து மூடிய வருஷம் அவர் என் எதிர்வீட்டு இளம் விரிவுரையாளர், மறுமாதமே செருப்புத் தொழிற்சாலையில் ஆட்களின் கைவேகத்தை அளக்கப் போனார், இந்த ஆள் அளந்து அளந்தே மேலே போய்விடுவார் என்று அன்றைக்கே நினைத்தேன், இல்லை, நினைக்கவில்லை, இப்போது சொல்லிக்கொள்கிறேன், படிப்பு அறுந்துபோன கடைசி வருஷ மாணவி ஸ்மரந்தா அவர் சமையலறையில் உட்கார்ந்து ஆய்வேட்டை வாசிக்கிறாள், பள்ளியில் வாய் திறக்காத பிள்ளைகளைப் பற்றி, நானும் அவர் மனைவியும் பிளம் ஜாம் கிண்டுகிறோம், ஆவியில் அவள் முகம் மறைந்து மறைந்து தெரிகிறது, அந்த ஆவி நான் பின்னால் கண்ட கனவுகளில் வந்து சேர்ந்ததோ என்னவோ, ஆனால் பத்துக்குப் பத்து என்று அவர் சொன்னது கனவில்லை, துறையைத் திரும்பத் திறக்கட்டும், முதல் கையெழுத்து உனக்குத்தான் பொண்ணே என்றார், பதிமூன்று வருஷம் கழித்துத் திறந்தார்கள், அவருக்குப் பேராசிரியர் நாற்காலி வந்தது, வாய் திறக்காத பிள்ளைகளைப் பற்றி அவர் பெயரில் ஒரு புத்தகம் வந்தது, கையெழுத்து மட்டும் வரவில்லை, அடுத்த மாசம், அடுத்த மாசம், பிறகு டீன், பிறகு கட்சி, பிறகு தலைநகர் புக்கரெஸ்டில் மந்திரி, டிவியில் பார்த்து ஊரே கைதட்டியது, நானும்தான், அவள் தேறியவள் என்று ஒப்புக்கொண்டால் புத்தகம் யாருடையது என்று எவனாவது கேட்பான், இதைப் புரிந்துகொள்ள உளவியல் படிக்க வேண்டுமா என்ன.

அப்படி ஒரு தேர்வே நடக்கலம்மா, நீயா கற்பனை பண்ணிக்கிற, என்கிறார், நோயாளியைத் தேற்றும் குரலில், இந்த அக்கா கூடவே இருந்தாங்க, கேளுங்க, இவங்களுக்குத் தெரியாம இந்தக் கட்டடத்துல எலிகூடக் குட்டி போடாது, என்று ஸ்மரந்தா என் பக்கம் திரும்புகிறாள், மேலே யாரோ சிரிக்கிறார்கள், அவர் கையுறையை மாட்டிக்கொண்டே, உங்க பையன் மனு என் மேஜையிலதான் இருக்கு என்றார், என் மகன் கல்வி அலுவலகத்தில் ஒரு வேலைக்காக இரண்டு வருஷமாகக் காத்திருந்தான், எந்த வீட்டுச் சண்டையையும் தேதியோடு ஒப்பிக்கக்கூடிய நான் சொன்னேன், ஜாம் அடிப்பிடிச்சிரும்னு கிண்டிக்கிட்டே இருந்தேம்மா, எதையும் கவனிக்கல. அவள் காலை எடுத்தாள், கதவு மூடியது.

பிள்ளைகளோடு பேசும் வேலையிலிருந்து பள்ளிக்கூடம் அவளை அந்த மாதமே நீக்கிவிட்டது, இத்தாலிக்குப் போய் யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டுகிறாள், வருஷம் திரும்புமுன் அவள் புருஷன் முதல்மாடி மருந்துக்கடைக்காரியைக் கட்டிக்கொண்டான், பதினாலு மாதத்தில் பதவி போன ப்ரெபான் தலைநகரிலேயே வீடு வாங்கிக்கொண்டார், என் மகனுக்கு வேலை கிடைத்தது, ஏழு மாதம் பார்த்தான், பிறகு டப்ளினுக்குப் போய் அங்கே ஒரு நர்ஸைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான், நாலு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது, அதுவும் மருந்துக்கடைக்காரி சொல்லி.