முதுகு வலிக்காத டயர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு டயர் கடையில், என் அப்பா வெட்கப்பட்டபோது பிறந்தது. அறுபத்தெட்டு வயது மனிதர் ஒருவர் டயர் விஷயத்தில் வெட்கப்பட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: 'வானம் இருண்டிருந்தது, அவர் மனத்தைப் போலவே...' சீ. அவர் மனத்தில் அன்று வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இன்னொன்று: 'ரப்பர் என்பது மனிதகுலத்தின்...' இது கட்டுரை. வேண்டாம். நடந்ததையே சொல்கிறேன்.

2

அப்பா லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். (வாழ்நாள் முழுக்க மேலும் கீழுமே போய்வந்தவருக்கு வளைவென்றால் கொள்ளை ஆசை. இது என் வியாக்கியானம். அவரைக் கேட்டால் 'போடி' என்பார்.) ஓய்வு பெற்றதும் ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கினார். சிவப்பு நிறம், தரையோடு தரையாக. போன வாரம் மழையில் அது வழுக்கி, ஒரு முழு வட்டம் போட்டு, தடுப்புச் சுவரை முட்டாமல் மயிரிழையில் நின்றது. அதை ஏதோ சாகசம் போல அவரே சொல்லி மாட்டிக்கொண்டார்.

தம்பி போனில் கொதித்தான்.

"அக்கா, அந்த வண்டிய வித்துடச் சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பார்."

"சரிடா, பேசுறேன்."

ஆகவே நான் அப்பாவோடு கடைக்குப் போனது டயர் வாங்க அல்ல, காரை விற்கச் சொல்ல. (இந்தக் கதையில் வரும் 'நான்' கொஞ்சம் வில்லி. அவளை நல்லவளாக்கி ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். சப்பென்று இருந்தது.)

3

கடைக்காரப் பெண் குந்தி உட்கார்ந்து பழைய டயரைத் தடவிப் பார்த்தார்.

"சார், இது வெயில் காலத்து டயர். குளிர் வந்தா இறுகிடும், ரோட்டப் பிடிக்காது. அதுலயும் மொழுமொழுன்னு தேஞ்சு கிடக்கு. வழுக்காம என்ன செய்யும்?"

"பாத்தியா? தப்பு என்மேல இல்ல!" என்று என் பக்கம் திரும்பினார் அப்பா, பரீட்சையில் பாஸானவர் மாதிரி. "எல்லாப் பருவத்துக்கும் ஓடுற டயரா போடுங்க. வெயில், மழை, பனி, எதுலயும் போகணும்."

"பனியில எங்கப்பா போறீங்க?"

அப்பா குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.

"இதே அளவா சார்? 225/45, பதினெட்டு இஞ்ச்?"

(* முதல் எண் டயரின் அகலம். அடுத்தது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. கடைசி எண், உள்ளே இருக்கும் சக்கரத்தின் குறுக்களவு. சுவர் குட்டையாக இருந்தால் கார் வளைவில் கச்சிதமாகத் திரும்பும். ஆனால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பைத் தட்டி நலம் விசாரிக்கும். அப்பா குட்டைச் சுவரின் பரம பக்தர்.)

"சக்கரத்தையும் பதினேழா மாத்திடுங்க, டயர் 225/50. சுவர் கொஞ்சம் உயரமா, மெத்துனு இருக்கட்டும்" என்றார் பக்தர்.

"பிரேக்குக்கு இடம் இருக்கான்னு பாத்துடறேன் சார். மொத்த உயரம் கிட்டத்தட்ட இதேதான் வரும். ஆனா வளைவுல முன்ன மாதிரி விறைப்பா இருக்காது."

"பரவால்ல. முதுகுக்கு நல்லது."

"உங்களுக்கு முதுகு வலியாப்பா? சொல்லவே இல்லையே!"

"எனக்கில்ல."

"பின்ன யார் முதுகு?"

அப்போதுதான் அது நடந்தது. காது மடலில் தொடங்கி வழுக்கை வரை சிவந்துபோனார். கடைக்காரப் பெண் சட்டென்று கம்ப்யூட்டரில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

4

மலைமேல் செடி நாற்றங்கால் வைத்திருக்கும் ஒரு அம்மாள். குனிந்து குனிந்தே முதுகு போனவர். அப்பாவின் லிஃப்ட் ஜோக்குகளுக்குச் சிரிப்பவர். (இதை நான் முதலில் நம்பவில்லை. அந்த ஜோக்குகளுக்கு அம்மாகூடச் சிரித்ததில்லை. இன்று உயிரோடு இருந்தாலும் சிரித்திருக்க மாட்டார்.) அப்பா வீட்டு பால்கனியில் துணி காயப்போட இடமில்லாமல் தொட்டிகள் பெருகிய மர்மம் எனக்கு இப்போது விளங்கியது. கார் வட்டம் போட்டதும் அந்த மலைச்சாலையில்தானாம்.

"நம்ம வண்டியில ஏறினா குலுங்கிக் குலுங்கி இறங்க முடியாம தவிக்கிறாங்கம்மா" என்றார். "அவங்கள ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி டயர மாத்திடலாம்னு..."

"என்ன கேக்கணும்?"

"கேக்க வேண்டியதத்தான்."

நான் மனப்பாடம் செய்து வந்திருந்த பேச்செல்லாம் தொண்டையிலேயே சிரிப்பாக மாறி வெடித்தது. அப்பாவும் சிரித்தார். தம்பிக்குச் செய்தி அனுப்பினேன்: 'விக்க வேண்டாம்டா. காரணத்த உக்காந்துட்டுக் கேளு.'

5

பிரேக்குக்கு இடம் இருந்தது. (இல்லையென்றால் இது சோகக் கதை.) நாலு டயரும் மாட்டி முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

"இன்னிக்கே போயிடலாமா? நீயும் வாயேன், தைரியமா இருக்கும்."

போனோம். அந்த வளைவு வந்ததும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கார் சாலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு குழந்தை தன் தாயின்... உவமை வேண்டாம். திரும்பியது. அழகாகத் திரும்பியது. நான் ஓவென்று கத்தினேன், அப்பா ஹாரன் அடித்தார், மலையில் எங்களைத் தவிர யாருமில்லை.

6

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அந்த அம்மாள் சரி என்கிறார். இன்னொன்றில் 'இந்த வயசுலயா?' என்று சிரித்துவிட்டு, காரில் ஏறிக்கொள்கிறார். மூன்றாவதில் அவர் மெதுவாகத் தலையை... அதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான். நாற்றங்கால் வாசலில் அப்பா குடையில்லாமல் இறங்கி ஓடினார். அந்த அம்மாள் தன் குடையை அப்பாவின் தலைக்கு மேலும் நீட்டினார். அப்பா கைகளை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறார். கார்க் கண்ணாடி ஏற்றியிருக்கிறது. மழை இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி இறங்கிவிடும். எழுத்தாளருக்கு விரல் துறுதுறுக்கிறது. மகள் அதை மடக்கிப் பிடித்திருக்கிறாள்.

உங்களுக்கு அவர் அப்பா இல்லையே. நீங்கள் வேண்டுமானால் இறக்கிக் கேளுங்கள்.