குடலுக்கும் ஒரு நாக்கு

கப்பலூரில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. ஓட்டை வாளியை ஓரமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு விஞ்ஞானம் அதிகம் தேவைப்படாததால், மிச்சமிருந்ததைக் கேண்டீனில் செலவழித்து வந்தேன்.

சர்க்கரைக்கு டாக்டர் எழுதித் தந்த மாத்திரை என் வயிற்றைக் கலக்கியது. கம்பெனி வேன் திருநகரைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. பி.ஃபார்ம் படிக்கும் மகள் திவ்யாவிடம் காரணம் கேட்டேன். கசப்பை அறியும் உணர்விகள் நாக்கில் மட்டுமல்ல, குடலிலும் மூச்சுக்குழாயிலும்கூட இருக்கின்றன. பல மருந்துகள் கசப்பு என்பதால் சில பக்கவிளைவுகள் அந்த வழியாகவும் வரலாம் என்று ஆராய்கிறார்கள். டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை மாற்றித் தரலாம் என்றாள். 'லாம்' போட்டுப் பேசுவது படித்தவர்களின் கோழைத்தனம் என்பது என் கொள்கை. இரண்டு 'லாம்'களையும் வீட்டிலேயே விட்டுவிட்டுக் கேண்டீனுக்குப் போனேன்.

குடலுக்கு ஒரு நாக்கு உண்டு என்றும், மாத்திரைக் கசப்பு அதற்கு ஆகவில்லை என்றும் அறிவித்தேன். இனிப்புக்கு எதிரி கசப்பு என்பதை நம் ஊரில் யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. அது மாத்திரைக் கசப்பாக இருந்தாலென்ன, பாகற்காய்க் கசப்பாக இருந்தாலென்ன? இனி மாத்திரை கிடையாது, இரண்டு வேளையும் பாகற்காய்ச் சாறுதான் என்று சபதம் செய்தேன். எதிரே உட்கார்ந்திருந்த தங்கப்பாண்டி சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மோல்டிங் மெஷின் ஓட்டுபவன், என் இருபது வருட நண்பன், அவனுக்கும் சர்க்கரை.

இரண்டே மாதத்தில் என் சர்க்கரை இறங்கிவிட்டது. ரிசல்ட் தாளைக் கேண்டீன் சுவரில் ஒட்டினேன். வயிறு மட்டும் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மாத்திரையின் பழைய விஷம் வெளியேறுகிறது என்று விளக்கம் சொன்னேன்.

தங்கப்பாண்டியும் மாத்திரையை நிறுத்தியிருந்தது, அவன் கால் கட்டைவிரல் புண் கறுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. விரலை எடுக்க வேண்டியிருக்கும், உடனே வா என்று ஆஸ்பத்திரியில் சொல்லியும் அவன் போகவில்லை. சாறு போதவில்லை போலிருக்கிறது என்று மூன்று வேளையாக்கியிருந்தான்.

"ஒனக்குக் கேட்டது எனக்கு ஏன் மாப்ள கேக்கல?" என்றான் போனில்.

விதையை எடுத்துவிட்டுத்தான் அரைக்கிறாயா என்று நானும் பொறுப்பாக விசாரித்தேன்.

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டபடி பக்கத்தில் மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி பாண்டிமீனா, நான் போனை வைத்ததும் கையை உதறிவிட்டு வந்தாள்.

"நீங்க எப்ப மாத்திரைய நிறுத்துனீக? நெதம் ரெண்டு வேளையும் இடிச்சு சாறுல கலந்துதான குடுத்தேன். அம்புட்டுக் கசப்புல அது தெரியவா போகுது."

தரம் பார்ப்பவனின் நாக்குக்கு இரண்டு மாதமாக எதுவும் தட்டுப்படவில்லை. குடல் மட்டும் தினமும் காலையில் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது. அதன் வாயையும் நான்தான் விளக்கம் சொல்லி அடைத்திருக்கிறேன்.

அந்த அண்ணனுக்குக் கால் போய்விடும், இப்போதே போய்ச் சொல்லுங்கள் என்று ஸ்கூட்டர் சாவியைக் கையில் திணித்தாள். அவனியாபுரம் போகும் வழியெல்லாம் 'ஆய்வில் ஒரு சிறு திருத்தம்' என்று ஆரம்பிப்பதா என யோசித்தேன். அவன் காலைப் பார்த்ததும் அந்த வாக்கியம் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். அவன் பக்கத்திலிருந்த சாறு டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"ஒம் பொண்டாட்டி ஒன்ன நம்பல. நான் நம்பிட்டேன், பாரு."

அன்று சாயங்காலமே சிம்மக்கல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று டாக்டர் கேட்டார். தங்கப்பாண்டி ஃபேனைப் பார்த்தான்.

"நான்தான் சார்."

ஏன் என்றார். குடலின் நாக்கைப் பற்றிச் சொல்ல என் நாக்கு எழும்பியது. மென்று விழுங்கினேன்.

விரல் தப்பியது, நகமும் கொஞ்சம் சதையும் போயின. இன்சுலின் ஊசி வந்து சேர்ந்தது. கட்டு மாற்ற நான்தான் தினமும் ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். ஒன்றரை மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். அன்று கேண்டீனில் பேக்கிங் முத்திருளன் என் அருகில் உட்கார்ந்து, மூட்டுவலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டான். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் தங்கப்பாண்டி நொண்டிக்கொண்டே எழுந்து வந்து, முத்திருளனை அவன் தட்டோடு வேறு மேசைக்குக் கூட்டிப் போய்விட்டான்.